மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறு

கர்த்தருக்குள் பிரியமான பியூலாவுக்கு,

அம்மாதான் எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம், அங்கே நீங்கள் சுகமா என்று ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். நேற்றுக் காலையில்தான் போனில் இதையெல்லாம் கேட்டு முடித்தேன். மாப்பிள்ளை சுகமா என்றேன், 'ம்' என்றாய். புது வீட்டில் தண்ணீர் நன்றாக வருகிறதா என்றேன், அதற்கும் 'ம்'. போனை வைத்ததும், பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை ஓட்டை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்த உன் அப்பா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "ஓலை வாசிச்ச அன்னையிலேர்ந்து நீ அவமேல கோவமா இருக்கிறன்னு நெனச்சுக்கினு இருக்கா. அதான் பேச மாட்டேங்கிறா." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோபமா, எனக்கா? அந்த எண்ணத்தோடுதான் நீ ஆல்டருக்கு முன்னால் மாலையும் கழுத்துமாக நின்றாயா? அந்த எண்ணத்தோடுதான் கார் ஏறித் திண்டிவனம் போனாயா? அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் பேச ஆரம்பித்தால் நான் மட்டும்தான் பேசுவேன் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுதும்போதாவது கொஞ்சம் நிறுத்தி யோசிக்க முடிகிறது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வேத வசனம் எதுவும் எழுதப் போவதில்லை. எழுத ஆரம்பித்தால் கடிதம் பிரசங்கம் ஆகிவிடும், நீயும் வழக்கம்போல ஆமென் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பாய். இது பிரசங்கம் இல்லை. உன் அம்மா உன்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாம் எங்கே ஆரம்பித்தது? என் வாயில்தான். சம்பந்தம் பேசி முடித்த பிறகு, மாப்பிள்ளை போதகராக ஊழியம் செய்கிற சபையிலிருந்து மாதர் சங்கத்து அம்மாக்கள் நாலைந்து பேர் "எங்க ஐயரம்மாவ ஒரு பார்வை பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரத்துக்கு நம் வீடு தேடி வந்தார்களே, அன்றைக்கு. ஐயரைக் கட்டிக்கொள்ளப் போகிறவளை மாமியார் பார்க்கிறாரோ இல்லையோ, சபை பார்த்துவிடும். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஐயரம்மா என்றால் அவர்களுக்கு ஐயருடைய மனைவி மட்டும் இல்லை. மாதர் கூட்டத்தை நடத்த வேண்டும், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தர வேண்டும், துக்க வீட்டில் முதல் ஆளாக நின்று ஜெபிக்க வேண்டும், வருகிறவர்கள் போகிறவர்களுக்கு முகம் கோணாமல் காபி கொடுக்க வேண்டும். சம்பளம் ஐயருக்கு, வேலை இரண்டு பேருக்கும்.

வந்தவர்களில் அந்த மரகதம் அம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "பொண்ணு பாடுமாங்க?" நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பாடுவாளாவா? தேன் மாதிரி பாடுவா" என்றேன். "கூட்டத்துல எழுந்து வேதச் செய்தி குடுக்குமாங்க?" என்றார். "என் பொண்ணுங்க அவ" என்றேன், அதிலேயே எல்லாம் அடங்கிவிட்ட மாதிரி. "ஆஸ்பத்திரி வேலைய உட்டுடுவாங்கதானே?" என்று இன்னொருவர் கேட்டார். "அதெல்லாம் பாத்துக்கலாங்க" என்றேன். நீ காபித் தட்டோடு நிலைப்படியில் நின்றிருந்தாய். உன் முகத்தை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பார்க்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

அவர்கள் போன பிறகு அடுக்களையில் நீ கேட்டாய்: "எம்மா, எதுக்கு இப்டி சொன்ன?" "சபைக்கு வந்து பழகிட்டா எல்லாம் தன்னால வரும்டி" என்றேன். "எனக்கு வராதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றாய். தெரியாமல் என்ன? விழுப்புரத்தில் நம் சர்ச்சில் இத்தனை வருடமாகப் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவள் நான். மாதர் சங்கத்தில் ஜெபிக்க எழுந்தால் மணி பார்க்காமல் ஜெபிக்கிறவள் நான். என் மகள் ஐயரம்மா ஆகப் போகிறாள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னை மாதிரி ஒருத்தியை அவர்களுக்குக் கொடுக்கிறேன் என்று நானே நினைத்துக்கொண்டேன். உன்னைத்தான் கொடுக்கிறேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

உன் குரலைப் பற்றி நம் வீட்டில் ஒளிவு மறைவே கிடையாது. சின்னப் பிள்ளையில் நீ சர்ச்சில் என் பக்கத்தில் நின்றுதான் பாடுவாய். அடேயப்பா, என்ன ஒரு சத்தம். ராகம் ஒரு பக்கம் போகும், நீ ஒரு பக்கம் போவாய். எல்லாரும் மேலே ஏறுகிற இடத்தில் நீ கீழே இறங்குவாய், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு, முழுத் தொண்டையில். முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் பாட்டையும் நிறுத்தாமல், முகத்துச் சிரிப்பையும் மாற்றாமல், உன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளுவேன். அப்பா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்: "உங்கம்மா ஆர்மோனியத்துல கட்டைய அமுக்கற மாதிரி உன்ன அமுக்குவா." நீயும் சிரிப்பாய். கொஞ்சம் வளர்ந்ததும் உதட்டை மட்டும் அசைக்கக் கற்றுக்கொண்டாய். நாங்கள் அதையும் விடாமல் கேலி செய்தோம்.

வாலிபர் கூட்டத்தில் உன்னை முடிவு ஜெபம் செய்யச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? எழுந்து "ஆண்டவரே" என்றாய். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்கள். வெகுநேரம் கழித்து "ஆமென்" என்று உட்கார்ந்துவிட்டாய். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். "உள்ள சொன்னேன்மா. எல்லாத்தையும் சொன்னேன்" என்றாய். அது பதில் என்றே எனக்கு அப்போது தோன்றவில்லை.

நர்ஸ் படிப்பை முடித்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்ததும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதை நான் வேலையாகத்தான் பார்த்தேன். ஊழியம் என்றால் மைக் முன்னால் நின்று செய்வது, வேலை என்றால் சம்பளத்துக்குச் செய்வது என்று என் மனதில் இரண்டு பெட்டி. நீ டூட்டி இல்லாத நாளில் பையைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ போவாய். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய நோயாளிகளுக்குப் படுக்கைப்புண் வந்துவிடுகிறது, வீட்டில் இருப்பவர்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை, அதனால் போகிறேன் என்றாய். ஒருநாள் நானும் வருகிறேன் என்று கூடவே கிளம்பினேன். நீ வேண்டாம் என்றுதான் சொன்னாய். நான் கேட்டால்தானே.

மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற குடும்பம், அம்மாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கூடத்தில் முருகன் படத்துக்குக் கீழே கட்டில் போட்டிருந்தார்கள். நீ உள்ளே போனதும் கையைக் கழுவினாய், அந்த அம்மாவின் காதருகே குனிந்து என்னவோ சொன்னாய், மருமகளைக் கூப்பிட்டு எங்கே பிடிக்க வேண்டும் என்று காட்டினாய், இரண்டு பேருமாக அந்த அம்மாவை ஒருக்களித்துத் திருப்பினீர்கள். அப்போதுதான் முதுகைப் பார்த்தேன். என்னால் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாதபோது நான் என்ன செய்வேன்? கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்துவிட்டேன். வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், அவர்களும் கைகூப்பி நின்றார்கள். நான் விழுப்புரத்தில் ஆரம்பித்து உலகம் முழுவதும் ஒரு சுற்று வந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் உன் குரல், மெதுவாக: "எம்மா, ஆமென் சொல்லும்மா. அவங்களுக்கு வலிக்குது. திருப்பியே பிடிச்சுக்கினு இருக்கேன்."

ஆமென் சொன்னேன். திரும்பும்போது பஸ்ஸில் நான்தான் கோபமாக இருந்தேன். "நீ ஒரு வார்த்தை ஜெபம் பண்ணினியா அங்க? ஆண்டவர் நாமத்த ஒரு தடவ சொன்னியா?" என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த நீ கையை விரித்துப் பார்த்துக்கொண்டாய். "பண்ணிக்கினுதான் இருந்தேன்மா. நீ கண்ண மூடறதுக்கு முன்னாலயே ஆரம்பிச்சிட்டேன்" என்றாய்.

சரி, ஓலைக்கு வருகிறேன். என் வயதுக்கு எத்தனை ஓலை கேட்டிருப்பேன். கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பெண்ணின் சபையிலும் பையனின் சபையிலும், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதாவது அறிந்தவர்கள் சொல்லலாம் என்று ஐயர் வாசிப்பார். வாசித்துவிட்டு ஒரு மூச்சு விடுகிற நேரம் நிறுத்துவார். யாரும் எழுந்ததாக நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. அந்த ஒரு மூச்சு நேரத்தில் நாங்கள் எல்லாம் யார் என்ன புடவை கட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்போம். ஓலை வாசிக்கிற அன்று பெண் அந்தச் சர்ச்சில் இருக்கக் கூடாது என்று நம் வீட்டில் ஒரு பழக்கம் வேறு. உனக்கு முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் அப்படித்தான் நல்லபடியாக வாசித்து முடிந்தன.

அதற்குள் திண்டிவனத்தில் என் பொய் நன்றாக வேர்விட்டுவிட்டது. கலியாணம் முடிந்த அடுத்த ஞாயிறு புது ஐயரம்மா தனிப்பாட்டுப் பாடி, செய்தி கொடுப்பார் என்று தீர்மானம் செய்துவிட்டார்கள். எந்தக் கட்டையில் பாடுவீர்கள் என்று கீபோர்டு வாசிக்கிற பையன் உனக்கே போன் செய்தான். மூன்றாம் ஓலைக்கு முதல் நாள் நீ என்னிடம் வந்து நின்றாய். மாப்பிள்ளையிடம் எல்லாம் சொல்லிவிட்டதாகவும், கலியாணத்துக்குப் பிறகு சபைக்குப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதாகவும் சொன்னாய். "அவரு நல்ல எண்ணத்துலதான் சொல்றாரு. ஆனா பொய்யக் கட்டிக்கினு ஒரு சபைக்குள்ள என்னால போவ முடியாதும்மா. நீ அந்த அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லு. இல்லன்னா நானே சொல்லிடறேன்" என்றாய். சொன்னால் சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று எனக்குப் பயம். பத்திரிகை அடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது. சாயங்காலம் பண்ணறேன் என்றேன். சாயங்காலம் வந்தது, போனது. நான் போனைத் தொடவில்லை.

ஞாயிறு காலையில் நீ தலைவாரிக்கொண்டு செருப்பைப் போட்டபோதுதான் நீ சும்மா சொல்லவில்லை என்று புரிந்தது. நானும் அப்பாவும் அவசர அவசரமாகக் கிளம்பி உன் பின்னால் ஓடிவந்தோம். திண்டிவனம் பஸ்ஸில் நீ முன்னால் உட்கார்ந்தாய், நாங்கள் பின்னால். "பேஜாராப் பூடும்டி, வா திரும்பிப் போலாம்" என்று உன் முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். நீ திரும்பவே இல்லை. அப்பா டிக்கெட்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அங்கே சர்ச்சில் மாப்பிள்ளைக்கு மேலே இருக்கிற பெரிய ஐயர் ஓலை வாசித்தார். மாப்பிள்ளை அங்கி போட்டுக்கொண்டு ஆல்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று சொல்லி ஐயர் அந்த ஒரு மூச்சை விட்டார். நீ எழுந்தாய். மேடையில் 'ஆண்டவரே'க்கு மேல் ஒரு வார்த்தை வராத பிள்ளை. சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உன் கரகரத்த குரலில் பேசினாய். நீ பேசியது உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, எனக்கு ஒரு சொல் விடாமல் இருக்கிறது.

"தடை ஒண்ணும் இல்லீங்க ஐயா. ஆனா சபைக்கு ஒண்ணு தெரியணும். நான் நல்லாப் பாடுவேன்னு எங்கம்மா ஆசையில சொல்லிட்டாங்க. எனக்குப் பாட வராதுங்க. கூட்டத்துல நின்னு செய்தி குடுக்கவும் வராது. இப்பவே கால் நடுங்குது. ஆஸ்பத்திரி வேலைய நான் விடறதா இல்ல. எனக்குக் கட்டுப் போட வரும். படுக்கையில கெடக்கறவங்களத் திருப்பிப் போட, குளிப்பாட்ட, புண்ண ஆத்த வரும். டூட்டி இல்லாத நாள்ல எந்த வீட்ல கூப்பிட்டாலும் வருவேன். ஆண்டவரு எனக்கு இதத்தான் குடுத்திருக்காரு. இது போதும்னா ஓலையை முடிங்க. போதாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் மனசுல ஒண்ணும் வச்சிக்க மாட்டேன்."

மரகதம் அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். நான் என் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். கமிட்டியில் இருக்கிற ஒரு பெரியவர் எழுந்து, "ஐயரம்மா டூட்டிக்குப் போய்ட்டா, வீடு தேடி வர்ற ஜனத்த யாரும்மா பாக்கறது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அவருக்கு அது நியாயமான கேள்வி. நீ அவரைப் பார்த்து, "இருக்கிற நாள்ல நான் பாக்கறேங்க. இல்லாத நாள்லயும் இருப்பேன்னு சொன்னா அது ரெண்டாவது பொய்யாயிடுங்க" என்றாய். பெரிய ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையைக் கேட்டார்: "தானியேலு, உனக்கு இதெல்லாம் தெரியுமாப்பா?" மாப்பிள்ளை எழுந்தார். "தெரியும் ஐயா. எனக்குப் பாட வரும். கட்டுப் போடத்தான் வராது" என்றார். அந்த நிமிடத்திலிருந்து அவர் எனக்கு மருமகன் இல்லை, மகன்.

சபை போதும் என்றும் சொல்லவில்லை, போதாது என்றும் சொல்லவில்லை. அப்போதுதான் கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். காட்டு வேலை செய்கிற பெண்ணாக இருக்க வேண்டும், வெயிலில் கறுத்த முகம், இடுப்பில் குழந்தை. சபையில் எழுந்து பேசிப் பழக்கமில்லாதவள் என்று பார்த்ததும் தெரிந்தது. "ஐயா, ஓலைக்குச் சொல்லலீங்க. அந்தம்மாவ ஒண்ணு கேக்கணும்" என்றாள். கேளும்மா என்றார் ஐயர். "எங்க மாமியாரு படுத்த படுக்கையா இருக்காங்க. முதுகெல்லாம் புண்ணு. ராவும் பகலும் கத்திக்கினே இருக்காங்க. நீங்க எப்ப வருவீங்க?" நீ யோசிக்கவே இல்லை. "ஆராதனை முடிஞ்சதும் உங்ககூடவே வர்றேங்க" என்றாய். ஐயர் எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். "மூன்றாம் ஓலை. தடை இல்லை" என்று சொல்லிவிட்டுப் பாட்டு நம்பரைச் சொன்னார்.

பாட்டு ஆரம்பித்தது. எனக்குப் பாட வரவில்லை, பியூலா. பழகின பாட்டு, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். நீ அந்தப் பெண்ணோடு போய்விட்டாய், நானும் அப்பாவும் பஸ் ஏறி வந்துவிட்டோம். வழியெல்லாம் நான் பேசவில்லை. மயிலம் தாண்டியதும் அப்பா சொன்னார்: "எவ்ளோ ஜல்தியா முடிச்சிட்டா பாத்தியா. நீயா இருந்தா இன்னும் முன்னுரை சொல்லிக்கினு இருப்ப." அன்றைக்கு நீ வீட்டுக்கு வந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அதைத்தான் நீ கோபம் என்று நினைத்துவிட்டாய். கோபம் இல்லை. முதலில் வெட்கம், உண்மையைச் சொல்கிறேன், ஊர் முன்னால் என் பொய் சந்திக்கு வந்துவிட்டதே என்று நல்ல வெட்கம். அது போன பிறகு வந்ததற்கு எனக்குப் பேர் தெரியவில்லை. என் வயிற்றில் பிறந்தவள் என்னிடம் இல்லாத ஒன்றோடு நிற்கிறாள் என்று பார்க்கும்போது ஒரு தாய்க்கு என்ன வரும்? பெருமை என்று சொல்லலாம், ஆனால் அதைவிடக் கொஞ்சம் பயபக்தியானது. அதை வைத்துக்கொண்டு உன்னிடம் என்ன பேசுவது என்று தெரியாமல்தான் பந்தலுக்கும் பலசரக்குக்கும் ஓடிக்கொண்டே இருந்துவிட்டேன். பேச்சுக்குப் பேர்போனவள் பேச வேண்டிய இடத்தில் ஊமை ஆகிவிட்டேன்.

இனி அம்மாவாக நான் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சபை ஒரே நாளில் மாறிவிடாது. அந்தப் பெரியவர் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருப்பார். பழைய ஐயரம்மா எப்படிப் பாடுவார் தெரியுமா என்று உன் காதுபடவே பேசுவார்கள். பேசட்டும். அதற்காக ஒரு பாட்டை மனப்பாடம் செய்து அவர்கள் முன்னால் நிற்காதே. பிறரைச் சந்தோஷப்படுத்தத் தன்னைப் பெரிதாகக் காட்டுவது எப்படிப்பட்ட இக்கட்டில் கொண்டுவிடும் என்று உன் அம்மாவைப் பார்த்தாலே தெரியும். அதே சமயம், 'எனக்கு வராது' என்பதை எல்லாவற்றுக்கும் சாக்காகவும் ஆக்கிக்கொள்ளாதே. பாட வராது, சரி. வீட்டுக்கு வருகிறவர்களை 'வாங்க' என்று சொல்ல வரும் அல்லவா? உன் 'ம்'மைக் கொஞ்சம் நீட்டி நாலு வார்த்தை ஆக்கினால் ஒன்றும் குறைந்துவிடாது. வந்த ஜனம் உன் முகத்தைப் பார்த்துத்தான் உட்காருவதா எழுந்து போவதா என்று முடிவு செய்யும்.

இன்னொன்று. கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் வருவேன் என்று சொல்லிவிட்டாய். அது நல்ல வார்த்தை, ஆனால் அதற்கும் ஒரு எல்லை வை. நைட் டூட்டி முடித்துவிட்டுத் தூங்காமல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடாதே. உன் இடுப்பும் இடுப்புதான். ஆளைத் தூக்கித் தூக்கி நாளைக்கு நீயே படுத்துவிட்டால் உன்னைத் திருப்பிப் போட யார் வருவார்? கட்டுப் போடுவதை அந்தச் சபைப் பெண்களுக்கும் கற்றுக் கொடு. மாதர் கூட்டத்தில் செய்தி கொடுக்க முடியாது என்றாய் அல்லவா, ஒரு பஞ்சையும் துணியையும் எடுத்து வைத்துக்கொண்டு புண்ணை எப்படித் துடைப்பது என்று காட்டு. அதற்கு மைக் வேண்டாம். மரகதம் அம்மாவையே முதலில் உட்கார வை. கலியாணத்தன்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்ககிட்ட பாடறவங்க நெறைய பேரு இருக்காங்கம்மா. புண்ணத் தொடறவங்கதான் இல்ல" என்றார். மனதாரச் சொன்னாரா, பந்தி நன்றாக இருந்த சந்தோஷத்தில் சொன்னாரா என்று தெரியவில்லை. எப்படியோ, சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொள்.

என்னைப் பற்றியும் ஒரு செய்தி. எனக்கு இப்போதெல்லாம் மேல்கட்டை எட்டுவதில்லை. உச்சியில் போய்க் குரல் உடைகிறது. ஒரு வருடமாகவே அப்படித்தான், சளி என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு நானாகவே நம் சர்ச் ஐயரிடம் போய், இனி பாட்டை எடுத்துக் கொடுக்க வேறு யாரையாவது போடுங்கள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், உடம்பு சரியில்லையா என்று கேட்டார். கொயரில் பாடுகிற ஒரு சின்னப் பெண் எடுத்தாள். ரொம்ப மெதுவாக எடுத்தாள், இரண்டாம் சரணத்தில் ராகமே படுத்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆயுளில் நான் செய்த பெரிய ஊழியம் அதுதான் என்று அப்பா சொல்கிறார்.

கலியாணத்தன்று நடந்த ஒன்றை நீ அறிய மாட்டாய். நீ மாப்பிள்ளையோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாய். சென்னையிலிருந்து வந்த என் சித்தி மகள், ரொம்ப நாள் கழித்து வந்தவள், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஐயரம்மா ஆயிட்டாளே பியூலா. உன்ன மாதிரியே பாடுவாளா?" என்று கேட்டாள். அதே கேள்வி. "வராது" என்றேன். அவள் என்னைப் பாவம் போலப் பார்த்தாள். "ஒரு வரிகூட வராது. கூட்டத்துல பேசவும் வராது" என்று நானே மேலும் சொன்னேன், முன் வரிசைக்கும் கேட்கிற மாதிரி. சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. அந்தக் கடைசி வரிசைப் பெண் கையில் குழந்தையோடு பந்தியில் உட்கார்ந்திருந்தாள், அவளுக்குப் புரிந்திருக்கும்.

அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு பேரும் விழுப்புரம் வாருங்கள். மாப்பிள்ளைக்குப் பிடித்த கேப்பை அடை சுட்டுத் தருகிறேன். ஞாயிறு காலை ஆராதனையில் நீ பழைய இடத்திலேயே, என் பக்கத்திலேயே நில். இப்போது நானும் முன்னால் நிற்கிறவள் இல்லை, வரிசையில் ஒருத்திதான். பாட்டு ஆரம்பித்ததும் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்காதே. கண்ணை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளையில் பாடினாயே, அந்த முழுத் தொண்டையில் பாடு. ராகம் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், முன் வரிசை திரும்பிப் பார்க்கட்டும். நான் கிள்ள மாட்டேன்.

உன் அம்மா